அவிச்ச கம்பளி

போன மாதம் மகள் எனக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வந்தாள். கழுத்துக்கு உள்பக்கம் சின்னதாக ஒரு வெள்ளைத் துணி தைத்திருந்தது. அதில் ஒரு தண்ணீர்த் தொட்டியின் படம், அதற்குள் ஒரு கை. "அம்மா, இத சுடுதண்ணியில மட்டும் போட்டுடாதீங்க, சுருங்கிடும்" என்று பொறுமையாக விளக்கினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து இருமலாகி, அவள் பயந்துபோய் முதுகைத் தடவிவிட்டாள்.

அவளுக்குச் சொன்னால் பாதிதான் விளங்கும். ஹட்டன் டவுனில் வளர்ந்த பிள்ளை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன், என் வயதுக்காரிகளே. லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், ஒரே கம்பளியை நாலு பேர் நாலு பக்கம் இழுத்துப் படுத்தவர்கள் நீங்கள். ராகலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் மார்கழிக் குளிர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் மலை ஊற்றிலிருந்து வரும் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் விரல் நம்முடையதா வாளியுடையதா என்று தெரியாது.

அந்த மார்கழியில் எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் காம்பராவில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சித்தி என்று நாலு பேர். தாய் தகப்பன் போனபின் சித்தியை அம்மாதான் வளர்த்தாள். இரண்டு பேரும் ஒரே மலையில் கொழுந்து பறித்தார்கள். சித்திக்கு இன்னொரு வேலையும் தெரியும். சின்ன வயதில் நுவரெலியாவில் ஒரு டீச்சரம்மா வீட்டில் வேலைக்கு நின்றபோது கம்பளி பின்னக் கற்றுக்கொண்டு வந்திருந்தாள்.

பின்னும் ஊசி கடையில் வாங்கியதல்ல. கவ்வாத்தில் கழித்துப்போட்ட தேயிலைக் கிளையில் நேரான குச்சியாகப் பார்த்து எடுத்து, சீவி, போத்தல் ஓட்டால் சுரண்டி, தேங்காயெண்ணெய் தடவி வைத்திருந்தாள். தேயிலைக் கட்டை லேசில் வளையாது, உடையாது. இருட்டிய பிறகு அடுப்புக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்தால் அந்த இரண்டு குச்சியும் மோதும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தில்தான் நான் தூங்குவேன். பக்கத்துக் காம்பரா அக்கா சுவரைத் தட்டி, "ஏன்டி, இன்னும் பின்னி முடியலையா?" என்பாள். சித்தியும் சுவரைத் தட்டி, "முடிஞ்சா சொல்லியனுப்புறேன்" என்பாள்.

பின்னிக்கொண்டிருந்தது மாப்பிள்ளைக்கு. சித்திக்கு வலப்பனையில் சம்பந்தம் பேசியிருந்தார்கள். கடைத்தெருவில் சாமான் கடை வைத்திருக்கிற வீடு, தலைமுறை தலைமுறையாக வியாபாரம், மாப்பிள்ளையின் அம்மா ரொம்பக் கறார் என்று தரகர் சொல்லியிருந்தார். பரிசம் போடுகிற அன்று மாப்பிள்ளைக்குக் கோட்டு போடுவோம் என்று அப்பா பெருமையில் வாயைவிட்டிருந்தார். சும்மா இருந்திருக்கலாம். எங்கள் வீட்டில் அதுவரை கோட்டை யாரும் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. அப்பா முழிப்பதைப் பார்த்துவிட்டு, கோட்டுக்குப் பதிலாக மாப்பிள்ளை வாய்பிளக்கிற மாதிரி ஒரு ஸ்வெட்டர் பின்னித் தருகிறேன் என்று சித்தி ஏற்றுக்கொண்டாள்.

அவளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அதை நான் ஊகித்துச் சொல்லவில்லை, அவளே என்னிடம் சொன்னாள். பெண் பார்க்க வந்த அன்று குளிரில் பல் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தாராம். தேநீர் கொடுத்தபோது குவளையை வாங்காமல் குவளையோடு அவள் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பிறகு பதறி விட்டுவிட்டாராம். வலப்பனை நம் மலையைவிடச் சூடான இடம். பாவம், அவருக்கு எங்கள் குளிர் பழக்கமில்லை.

கம்பளி பங்களாவிலிருந்து வந்தது. தோட்டத்தை நடத்திய பெரியதுரை மாற்றலாகிப் போனபோது பங்களா அப்பு, அதாவது அங்கே சமையல் செய்தவர், பூச்சி அரித்த பழைய ஸ்வெட்டர்களை மூட்டையாகக் கட்டிச் சித்தியிடம் கொடுத்தார். எல்லாம் பாலாடை நிறம், முகர்ந்தால் ஆட்டு வாடை. நானும் சித்தியும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிரித்தோம். நூல் சுருள் சுருளாக வரும். அதை என் இரண்டு கையிலும் மாட்டி, உருண்டையாகச் சுற்றுவாள். பிரித்த நூல் எல்லாம் ஒரே ஸ்வெட்டருக்குப் போனது. மிஞ்சியது ஒரே ஒரு உருண்டை.

ஸ்வெட்டர் முடிந்து, கழுத்து மட்டும் பாக்கி இருந்த சமயத்தில் எனக்கு அம்மை போட்டுவிட்டது. பரிசத்தைத் தள்ளிவைத்தார்கள். எங்கள் குளிருக்கு வேம்பு வராது, அம்மைக்கு வேப்பிலை இல்லாமலும் முடியாது. செய்தி வலப்பனைக்குப் போனதும் மாப்பிள்ளையே இரண்டு கட்டு வேப்பிலையை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். நம் வீட்டு மேல் இவ்வளவு அக்கறையா என்று அம்மாவுக்குக் கண் கலங்கியது. சித்தி ஊசியை எடுத்தாள். கழுத்தை அன்றைக்கே பின்னி முடித்துவிட்டாள்.

எனக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று சித்தி மலைக்குப் போயிருந்தாள், அம்மா எனக்காக வீட்டில் நின்றாள். உங்களுக்குத் தெரியும், ஆத்தா இறங்கிய வீட்டில் ஒரு துணி விடாமல் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு அவிக்க வேண்டும். அம்மா இந்த விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். வெளியே கல் கூட்டி, தகர டிரம்மில் தண்ணீர் கொதிக்கவைத்து, என் சட்டை, அப்பாவின் வேட்டி, தலையணை உறை, பெட்டியின் மேல் விரித்த துணி என்று எல்லாவற்றையும் உள்ளே தள்ளினாள். பெட்டிக்குள் பேப்பரில் சுற்றி வைத்திருந்த ஸ்வெட்டரையும் எடுத்தாள். ஒரே காம்பராவில் இருந்த துணிதானே, மாப்பிள்ளைக்குத் தீட்டோடு கொடுக்கலாமா என்று நினைத்தாள். கட்டையால் நன்றாகக் கிண்டினாள். பிறகு பீலிக்கல்லில் போட்டுச் சவுக்காரம் தேய்த்து, ஒன்றுக்கு மூன்று தடவை அடித்துத் துவைத்தாள். அத்தனையும் பக்தியோடு செய்தாள்.

மாலையில் சித்தி வந்தபோது கொடியில் அது தொங்கியது. மஞ்சள் நிறத்தில், ஒரு குழந்தைக்குப் போடலாம் போல. கை வைத்தால் கம்பளியாகத் தெரியவில்லை, செருப்புத் தோல் மாதிரி கெட்டியாக இருந்தது. சித்தி அதைக் கொடியிலிருந்து எடுத்தாள். மேலும் கீழும் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் முழு லயமும் வந்து யோசனை சொன்னது. கஞ்சித் தண்ணீரில் ஊறப்போடு என்றார்கள், போட்டோம். ஸ்வெட்டர் கையில் அம்மிக் குழவியைக் கட்டித் தொங்கவிடு என்றார்கள், கொடிதான் அறுந்தது. அப்பா ஒரு பக்கம், பக்கத்துக் காம்பரா அக்காவின் புருஷன் ஒரு பக்கம் பிடித்துக் கயிறு இழுத்தார்கள். அவர் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்ததுதான் மிச்சம். ஸ்வெட்டர் ஒரு விரல்கூட நீளவில்லை.

அதன்பிறகு அக்காவுக்கும் தங்கைக்கும் பேச்சு நின்றது. அந்தச் சின்னக் காம்பராவில் பேசாமல் இருப்பது லேசான காரியமா? ஒருத்தி அடுப்படியை விட்டு நகர்ந்தால்தான் இன்னொருத்தி திரும்ப முடியும். எல்லாம் என் வழியாகத்தான் நடந்தது. "உங்கம்மாவ உப்பு எடுத்துத் தரச் சொல்லு" என்று சித்தி சொல்வாள், அம்மா பக்கத்திலேயே நிற்பாள். "உன் சித்திக்கு உப்பு எங்கருக்குன்னு தெரியாதான்னு கேளு" என்பாள் அம்மா. நான் இரண்டையும் திருப்பிச் சொல்வேன். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. அம்மை ஆறிய பிள்ளைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, இந்த உத்தியோகம் பிடித்துப்போயிற்று.

விஷயம் அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அம்மா தன் மேல் பழி வராமல் இருக்க, ஆத்தாதான் சுருக்கிவிட்டாள் என்று யாரிடமோ சொல்லிவைத்தாள். அது லயத்தைச் சுற்றி வந்து சேரும்போது வேறாகிவிட்டது. மாப்பிள்ளை சட்டையை ஆத்தா சுருக்கினால் அந்த மாப்பிள்ளை ஆகாது என்றுதானே அர்த்தம், அதுவும் அவன் அனுப்பிய வேப்பிலையாலேயே சுருங்கியிருக்கிறது என்றார்கள். அப்பா பூசாரியிடம் கேட்கப் போனார். பூசாரி வெறுமனே யோசித்தார். அப்பா பயப்பட அது போதும். தரகரிடம் சொல்லி வலப்பனைக்கு வேண்டாம் என்று ஆள் அனுப்பலாமா என்று அம்மாவிடம் அவர் கேட்டது சித்தி காதில் விழுந்தது. அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. தன் வாயால் கிளம்பியது தங்கையின் கல்யாணத்தைத் தின்னப்போகிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

மறுநாள் ஞாயிறு. சித்தி வாசலில் கல் கூட்டி அடுப்பு மூட்டி, என்னை அனுப்பி அப்பா, பூசாரி, பக்கத்துக் காம்பரா அக்கா எல்லோரையும் கூப்பிட்டாள். கையில் இரண்டு துண்டு பின்னி வைத்திருந்தாள். ஒன்று மிஞ்சியிருந்த பங்களா நூலில், இன்னொன்று ராகலைக் கடை நூலில். இரண்டும் ஒரே அளவு. வெறும் தண்ணீரில் போட்டு அவித்தாள், சவுக்காரம் தேய்த்துக் கல்லில் அடித்தாள். கடை நூல் துண்டு போட்டபடியே இருந்தது. பங்களா நூல் துண்டு எங்கள் கண்ணெதிரே சுருங்கிக் கெட்டியாகிவிட்டது. சித்தி இரண்டையும் அப்பாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதுல மஞ்சளும் போடல, வேப்பிலையும் போடல மாமா. இது ஆட்டு மசிரு, அவிச்சா இப்பிடித்தான் ஆகும். ஆத்தாவ இதுல இழுக்காதீங்க."

அப்பா பூசாரியைப் பார்த்தார். பூசாரி துண்டை வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, தானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அந்த மனுஷனுக்கு நல்ல மனசு. உள்ளேயிருந்து அம்மா என்னைக் கூப்பிட்டு, "அப்ப நாந்தான் கெடுத்தேன்னு சொல்றாளான்னு கேளு" என்றாள். நான் கேட்கவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் அம்மா அரைப்பேரோடு வந்தாள். கொழுந்து எடை குறைந்து பாதிச் சம்பளம் எழுதினால் அதற்கு அந்தப் பெயர். அம்மாவுக்கு அரைப்பேர் என்பது எங்கள் வீட்டில் கேள்விப்படாதது. கொஞ்ச காலமாகவே அவளுக்குத் தலைவலி. மருந்துக்கார ஐயா வெள்ளை மாத்திரை கொடுத்தார், அப்பா மந்திரித்த தாயத்துக் கட்டினார். எதற்கும் கேட்கவில்லை. அன்றைக்கு வந்தவள் அப்படியே பாயில் சாய்ந்துவிட்டாள். தலைத்துணி நழுவியது. அம்மா யார் முன்னாலும் தலைத்துணியை எடுக்க மாட்டாள், தலைக்குக் குளிப்பதுகூட இருட்டோடு போய்த்தான். அடுப்படியில் இருந்த சித்தி திரும்பிப் பார்த்தாள். உச்சிக்கு முன்னால், முதுகுக் கூடையைத் தாங்கும் கயிறு உட்காருகிற இடத்தில், நீளத்துக்கு ஒரு முடி இல்லை. தோல் தடித்து வெடித்திருந்தது.

"எப்பத்திலேர்ந்துக்கா?" என்றாள் சித்தி. என்னிடம் சொல்லச் சொல்லவில்லை, நேராகக் கேட்டாள்.

"என்னாத்த எப்பத்திலேர்ந்து? கூடை கனத்தா கயிறு அறுக்கத்தான் செய்யும்."

கூடை ஏன் கனத்தது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். சம்பந்தம் பேசிய நாளிலிருந்து, தங்கையின் கல்யாணச் செலவுக்காக, அம்மா கூடையை அமுக்கி அமுக்கி நிரப்பிக்கொண்டிருந்தாள். சித்தி போய்ச் சுருங்கின ஸ்வெட்டரையும் கத்தரிக்கோலையும் எடுத்து வந்தாள். அம்மா பதறி எழுந்து, மாப்பிள்ளை சட்டையடி, என்னவாவது செய்து சரிக்கட்டலாம் என்று கையைப் பிடித்தாள். சித்தி, மாப்பிள்ளை என்ன சட்டை இல்லாமலா இருக்கிறார் என்று கேட்டுவிட்டு முதுகுப் பக்கத்தில் கத்தரியை வைத்தாள்.

பின்னியதை வெட்டினால் கண்ணி ஒவ்வொன்றாக ஓடி எல்லாம் பிரிந்துவிடும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஒரு இழைகூடப் பிரியவில்லை, ரொட்டியை வெட்டிய மாதிரி சுத்தமாக வந்தது. இரண்டாக மடித்து ஓரம் தைத்து, கூடைக் கயிற்றில் தலை படுகிற இடத்தில் கோத்துக் கொடுத்தாள். நாங்கள் அதைத் தலைமெத்தை என்றோம். என் மகள் இந்த மாதிரிக் கம்பளிக்கு ஃபெல்ட் என்று பெயர் சொல்கிறாள், எங்களுக்கு அது அவிச்ச கம்பளிதான். அம்மா மறுநாள் முழுப்பேரோடு வந்து, ஒன்றும் நடக்காதவள் மாதிரி உப்பு எங்கே என்று தங்கையிடம் கேட்டாள்.

பிறகு லயத்தில் பிடித்தது பாருங்கள் ஒரு பைத்தியம். பழைய கம்பளி வைத்திருந்தவர்கள் எல்லாம் கொண்டு வந்தார்கள். வீட்டு வாசலில் டிரம் ஓயாமல் கொதித்தது. தலைமெத்தை மட்டுமில்லை, தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைக்காம்பராவில் விடுகிற கைக்குழந்தைகளுக்குக் காலுறை, காது மூடுகிற குல்லாய், சப்பாத்துக்குள் போடுகிற அட்டை என்று சித்தி எதையெதையோ செய்தாள். பெரிதாகப் பின்னி அவித்துச் சின்னதாக்குகிற கணக்கு அவளுக்குக் கைவந்துவிட்டது. பெரிய கங்காணி வீட்டு அம்மா மட்டும், கொழும்பில் வாங்கிய தன் சால்வையைக் கொண்டு வந்து நின்றாள். அது முழு நைலோன். காலையிலிருந்து மத்தியானம் வரை அவித்தும் ஒரு நூல் அசையவில்லை. தன் சால்வையை மட்டும் வேண்டுமென்றே சரியாக அவிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு போனாள். அவள் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் எனக்கு அன்றைய நாள் நன்றாகப் போகும்.

ஆனால் கோட்டும் இல்லை, ஸ்வெட்டரும் இல்லை, பரிசம் வந்துவிட்டது. மிஞ்சின பங்களா நூலில் சித்தி மாப்பிள்ளைக்கு ஒரு குல்லாய் செய்து வைத்திருந்தாள், அவ்வளவுதான். கடைக்கார அம்மா தட்டைத் திருப்பிவிடுவாள் என்று அப்பா இரவெல்லாம் தூங்கவில்லை. காலையில் ஒரு யோசனை செய்தார். நாம் கொழுந்து பறிக்கிற ஆட்கள் என்பது வந்தவர்கள் கண்ணில் உறுத்தக் கூடாது என்று கூடை, இடுப்பில் கட்டுகிற படங்கு எல்லாவற்றையும் லயத்துக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சாக்கால் மூடினார். அம்மாவைத் தலைத்துணி எடுத்துவிட்டுப் பூ வைக்கச் சொன்னார். அம்மா மாட்டேன் என்று சேலைத் தலைப்பால் முக்காடு போட்டுக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை இரண்டு சட்டை போட்டும் நடுங்கினார். அவருடைய அம்மா பட்டுச் சேலை கட்டி, பெரிய கொண்டை போட்டு, கொண்டையைச் சுற்றி மட்டுமல்ல, நெற்றிக்கு மேல் வரை பூச்சரம் வைத்திருந்தாள். சிரிக்கவேயில்லை. கங்காணி வீட்டில் இரவல் வாங்கிய நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள். அப்பா வேட்டி சட்டைத் தட்டின் மேல் குல்லாயை வைத்துக் கொடுத்து, கோட்டு தையலில் தாமதமாகிறது என்று எதையோ உளறினார். மாப்பிள்ளை உடனே குல்லாயைப் போட்டுக்கொண்டார். காது வரைக்கும் சரியாக இருந்தது. அந்த அம்மா குல்லாயைத் தொட்டுப் பார்த்தாள். கால் கழுவ வேண்டும் என்று எழுந்தாள்.

பீலிக்கு வழி காட்ட என்னை அனுப்பினார்கள். குறுக்கு வழியாக லயத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மா சாக்கு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். சாக்கைத் தூக்கினாள். அம்மாவின் கூடையை எடுத்து, ஒரு கையால் முதுகுக்குப் பின்னால் வீசி, மறுகையால் கயிற்றைத் தலையில் மாட்டினாள். பார்க்காமலே மாட்டினாள். பட்டுச் சேலையோடு, வெறும் கூடையோடு, அங்கேயே நின்றாள். கை தலைமெத்தையைத் தடவிக்கொண்டிருந்தது.

யார் செய்தது என்று கேட்டாள். சித்தி என்றேன். கேட்காமலே மற்றதையும் சொல்லிவிட்டேன், ஸ்வெட்டர், வேப்பிலை, டிரம், அம்மா அவித்தது எல்லாவற்றையும். தன் மகன் அனுப்பிய வேப்பிலை என்றதும் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடையோடு குனிந்து சிரித்தாள். கால் கழுவ மறந்தே போனது.

திரும்பி வந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை. பாயில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா மறுபடியும் கோட்டைத் தொடங்கினார்.

"கோட்டெல்லாம் கெடக்கட்டும்ங்க" என்றாள். பிறகு அம்மாவிடம் திரும்பி, "தங்கச்சி, அந்த மெத்தையப் போட்ட பொறகு கயிறு அறுக்கலையா?"

அம்மா திகைத்து அப்பாவைப் பார்த்தாள். அப்பா கூரையைப் பார்த்தார். "அறுக்கலைங்க" என்றாள் அம்மா, மெதுவாக.

அந்த அம்மா தலையிலிருந்த பூச்சரத்தை எடுத்து மடியில் வைத்தாள். முன்னால் இழுத்துச் சீவியிருந்த முடியை விரலால் பிரித்து, அம்மாவுக்கு முன்னால் தலையைக் குனிந்தாள்.

"இங்க பாருங்க. நான் மலைய விட்டு எறங்கி எத்தினியோ வருசமாச்சு. இன்னும் மொளைக்கல."

தரகர் எழுந்து வெற்றிலை துப்ப வெளியே போய்விட்டார். அம்மா எட்டி அந்தத் தழும்பைப் பார்த்தாள். பிறகு தன் முக்காட்டை எடுத்தாள். அத்தனை ஆம்பிளைகள் முன்னால் அவள் அதைச் செய்ததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. இரண்டு பேரும் தலையோடு தலை குனிந்து, ஒருத்தி உச்சியை ஒருத்தி தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். "ஒங்களுது நீளமால்ல இருக்கு" என்றாள் அம்மா. அந்த அம்மா மறுபடியும் சிரித்தாள். அப்படியே குனிந்தபடி, தட்டை மாற்றுங்கள், நேரமாகிறது என்றாள்.

தேநீர்த் தட்டோடு வாசலில் நின்ற சித்தி மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் இவளைப் பார்க்கவில்லை, தன் அம்மாவின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மலையில் கூடை சுமந்தவள் என்பது அதுவரை அவருக்கே தெரியாதாம். அந்தக் குளிரில் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.